பழ ஈ: கிராமத்து வீட்டில் ஒழிக்கும் வழிகள்

பழ ஈ என்பது கனிந்த பழத்தையும் புளித்த பண்டத்தையும் தேடி வரும் சிற்றீ. நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். மஞ்சள் கலந்த பழுப்பு உடல், செந்நிறக் கண்கள். திரோசோபிலா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. மெலனோகாஸ்டர் இனம் உலகெங்கும் உண்டு. தென்னிந்திய வீடுகளில் அனனாசே இனமும் பரவலாகக் காணப்படுகிறது. மரபியல் ஆய்வில் இந்த ஈக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்காவில் தாமஸ் ஹன்ட் மார்கன் 1910இல் வெள்ளைக் கண்ணுடைய ஓர் ஆண் ஈயைக் கண்டு தொடங்கிய ஆராய்ச்சிக்கு 1933இல் நோபல் பரிசு கிடைத்தது.

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இந்த ஈக்குத் தீனிப் பஞ்சமே இல்லை. வாழைத்தார் பழுக்கும் வரை வீட்டுக்குள் தொங்குகிறது. கோடையில் பக்கத்துப் பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் வந்து இறங்குகிறது. சுளையை எடுத்துக்கொண்டு சடையையும் மடலையும் கொல்லையில் போட்டால் மறுநாளே அதில் ஈ மொய்த்திருக்கும். புளித்துப் பொங்கிச் சட்டியின் விளிம்பில் வழிந்து காய்ந்த இட்லி மாவும் அதை இழுக்கும். தமிழ்நாட்டில் கள் 1987 முதல் தடை செய்யப்பட்டிருக்க, புதுச்சேரியில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. அங்கே பானையின் வாயைச் சுற்றிப் பறப்பதும் பெரும்பாலும் இதே ஈதான்.

கள்ளும் கனிந்த வாழைப்பழமும் அதற்கு ஒன்றே. இனிப்பை ஈஸ்ட் நொதிக்க வைத்துச் சாராயமாக்குகிறது. அதைப் பாக்டீரியா அசிட்டிக் அமிலமாக்குகிறது. இந்த வாடை பிடித்துத்தான் ஈ வருகிறது. ஈயின் புழுவுக்கு முக்கிய உணவும் அந்த ஈஸ்ட்தான். அதனால் காயாக இருக்கும் பழத்தை ஈ சட்டை செய்வதில்லை. தோல் வெடித்த பழம், காம்பு அழுகிய பழம், அடிபட்டுக் கன்றிப்போன பழம் ஆகியவற்றில்தான் முட்டையிடும்.

ஒரு பெண் ஈ வாழ்நாளில் சுமார் 400 முட்டைகள் வரை இடும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். புழு, கூட்டுப்புழு நிலைகளைக் கடந்து பத்து நாளில் அடுத்த தலைமுறை பறக்கத் தொடங்கிவிடும். ஈயை ஒழிக்க நினைப்பவர் மனத்தில் வைக்க வேண்டிய கணக்கு இதுதான். பொறி எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் பறக்கும் ஈயை மட்டுமே பிடிக்கும். அழுகல் வீட்டில் இருக்கும்வரை புதிய ஈ வந்துகொண்டே இருக்கும்.

ஆகவே முதல் வேலை துப்புரவுதான். தாரில் வெடித்த பழங்களை அன்றன்றே பறித்துவிட வேண்டும். மீதியைக் கழுவித் துடைத்து, மெல்லிய பருத்தித் துணியால் இடைவெளியின்றி மூட வேண்டும். தோல், சடை, மாங்கொட்டை ஆகியவற்றைக் குழி வெட்டி மண் போட்டு மூடுவது நல்லது. கொல்லை இருக்கும் வீட்டுக்கு இது பெரிய வேலை அல்ல. மாவுச் சட்டியின் விளிம்பு, குப்பைக் கூடையின் அடி, துடைக்கும் துணி ஆகியவையும் காய்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது பொறி. வினிகர் கிராமத்து அடுக்களையில் அவ்வளவாக இருக்காது, தேவையும் இல்லை. ஒரு தம்ளரில் விரல் உயரத்துக்குப் புளித்த கள் போதும். கள் வாங்க விருப்பமில்லாதவர்கள் நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து, வெல்லமும் சிறிது தண்ணீரும் கலந்து ஒருநாள் புளிக்க விடலாம். அதில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு சொட்டு விட வேண்டும். இந்தச் சொட்டை விட்டுவிட்டால் பொறி பெரும்பாலும் பயன்படாது: ஈ மிக லேசானது, திரவத்தின் மேலேயே நின்று குடித்துவிட்டுப் பறந்துவிடும். சோப்பு அந்த மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் கால் வைத்த ஈ மூழ்கிவிடும். தம்ளரின் வாயில் தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் ஓர் உளுந்து நுழையும் அளவு துளை விட்டுச் செருகினால் உள்ளே போன ஈ வழி தெரியாமல் அங்கேயே சுற்றும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்றிவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும்.

சாம்பிராணி, வேப்பிலைப் புகைக்கு ஈ சற்று விலகும். புகை அடங்கியதும் திரும்பிவிடும். உணவு இருக்கும் இடத்தில் கொசு மருந்து அடிப்பது கூடவே கூடாது.

மாம்பழத்தையோ பாகற்காயையோ அறுக்கும்போது நெளியும் வெள்ளைப் புழு வேறு ஈயினுடையது. வேளாண்மைத் துறையினர் பழ ஈ என்று சொல்வது அதைத்தான்; வீட்டுக்குள் வரும் பழ ஈயைவிடப் பெரியது, நல்ல காயையே துளைத்து உள்ளே முட்டையிடும். கள்ளுத் தம்ளர் அதற்கு ஏற்ற பொறி அல்ல. பீகாரின் பூசாவில் பணியாற்றிய பூச்சியியலாளர் ஹவ்லெட், சிட்ரனெல்லா எண்ணெயை நாடி அந்த ஆண் ஈக்கள் வருவதை 1912இல் பதிவு செய்தார். அவற்றை இழுப்பது மெத்தில் யூஜினால் என்னும் பொருள் என்று பின்னர் கண்டார். மாந்தோப்புகளில் தொங்கும் பொறிகளில் இன்றும் இருப்பது அதுதான். துளசியிலும் அது உண்டு என்பதால், கசக்கிய துளசி இலையைப் பொறியில் வைக்கும் வழக்கமும் இருக்கிறது. பாகற்காயைத் தாக்கும் இனத்துக்கு வேறு கவர்பொருள் வேண்டும். புழு விழுந்த காயை மரத்தடியிலோ பந்தலின் கீழோ விட்டுவைக்கக் கூடாது. புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகிறது. தோட்டத்தில் தொல்லை மிஞ்சினால் குருமாம்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

துப்புரவும் பொறியும் சேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் வீட்டுக்குள் வரும் பழ ஈ அடங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகும் வந்தால், வெங்காயம், உருளைக்கிழங்குக் கூடையைக் கவிழ்த்து அடியில் அழுகியது ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள்.