கணக்கு மாத்திரை

எங்க ஊர் சூளூர்பேட்டையில் "துருதுரு பையன்" என்றால் பாராட்டு. என் மகனை டொராண்டோவில் டாக்டர் அப்படிப் பாராட்டவில்லை, ஏ.டி.எச்.டி. என்று சொல்லி, மெத்தில்ஃபெனிடேட் எழுதிக் கொடுத்தார். பையனுக்கு 9 வயது.

மூன்றாவது வாரத்திலிருந்து பள்ளிக்கூட டிபன் டப்பா தொட்டது தொட்டபடி திரும்பி வந்தது. எடை 1.5 கிலோ குறைந்தது. ராத்திரி 11 மணிக்கும் கொட்டக்கொட்ட முழித்துக்கொண்டு கிடந்தான். ஆனால் வகுப்பில் உட்கார்கிறான், கணக்கை முடிக்கிறான். ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டாள்: "ஏண்டா, கொழந்தைக்குப் போதை மருந்தா குடுக்கறீங்க?"

நான் படித்தது பி.காம். மருத்துவம் தெரியாது. ஆனால் கணக்கு உதைத்தால் பழைய லெட்ஜரைப் புரட்டுவது தொழில் தோஷம். புரட்டினேன்.

முதல் பக்கம் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில். மூளைக்காய்ச்சலில் முடங்கிப்போன எம்மா என்ற பெண்ணின் நினைவாக, அவளைப் பெற்றவர்கள் விட்டுப்போன சொத்தில் 1931ல் ஒரு குழந்தைகள் மருத்துவமனை திறந்தார்கள். அங்கே இருந்தவர் டாக்டர் சார்லஸ் பிராட்லி. அந்தக் காலத்தில் மூளையைப் படமெடுக்க, தண்டுவடத் திரவத்தை எடுத்துவிட்டுக் காற்றை ஏற்றுவார்கள். குழந்தைகளுக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். அதற்காக பிராட்லி பென்சிட்ரின் என்ற ஆம்ஃபெடமின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலிக்கு அது பெரிதாக உதவவில்லை. ஆனால் பாடம் நடத்தியவர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள், பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள்! 1937ல் 30 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அதில் 14 பேருக்குப் படிப்பில் பெரிய மாற்றம். பிள்ளைகளே அதற்கு வைத்த பெயர் 'கணக்கு மாத்திரை'. (பேங்க்காரனுக்கு இந்தப் பெயர் பிடிக்காமல் போகுமா?)

என் மகன் சாப்பிடும் மருந்து 1944ல் ஸ்விட்சர்லாந்தின் சிபா கம்பெனியில் பிறந்தது. செய்தவர் லியாண்ட்ரோ பனிசான். மனைவி மார்கரீட், செல்லமாக ரீட்டா. அதனால் ரிட்டலின்.

நிற்க. என் கவலைக்கு வருகிறேன். பிள்ளைகள் வளர்வது தடைப்படுகிறது என்று டேனியல் சேஃபரும் கூட்டாளிகளும் எழுதியது 1972ல். அதாவது, டப்பா திரும்பி வரும் கதைக்கு 50 வருஷத்துக்கு மேல் வயசு. பிறகு அமெரிக்காவில் 579 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், புதிதாக மருந்து தொடங்கியவர்கள் 3 வருஷத்தில், மருந்தே எடுக்காதவர்களைவிட சுமார் 2 செ.மீ. உயரமும் 2.7 கிலோ எடையும் பின்தங்கியிருந்தார்கள். ஆக பெற்றவர்கள் பயம் பிரமை இல்லை.

இன்னொரு மருந்து, பெமோலின். 1975ல் அமெரிக்காவில் இதே கோளாறுக்கு வந்தது. சில பிள்ளைகளின் ஈரலைச் செயலிழக்க வைத்தது. விற்பனை நின்றது 2005ல்தான். 30 வருஷம்! இதைப் படித்த ராத்திரி எனக்கும் தூக்கமில்லை.

அதே 2005 பிப்ரவரியில் கனடா, அட்ரால் எக்ஸ்.ஆர். மருந்தை நிறுத்தியது. உலகெங்கும் 20 திடீர் மரணங்கள், அதில் 14 குழந்தைகள். கனடாவில் ஒன்றும் இல்லை. அதே தகவலைப் பார்த்த அமெரிக்கா நிறுத்தவில்லை. ஒரே லெட்ஜர், இரண்டு ஆடிட்டர், இரண்டு தீர்ப்பு. ஆகஸ்டில் கனடாவும் திரும்ப அனுமதித்தது. 2011ல் 12 லட்சம் குழந்தைகள், இளைஞர்களின் பதிவுகளை அலசியதில், இந்த வகை மருந்துகளால் மாரடைப்பு, திடீர் மரணம் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. என்றாலும் இதயக் கோளாறு உண்டா, குடும்பத்தில் யாராவது திடீரென்று போனார்களா என்று டாக்டர் முதலில் கேட்க வேண்டும். எங்களை அவர் கேட்கவில்லை. நாங்களாகப் போய்ச் சொன்னோம். என் சித்தப்பா 38 வயதில் போனவர். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், பழுதில்லை.

அம்மா சொன்னதும் முழுத் தப்பில்லை. இந்தியாவில் மெத்தில்ஃபெனிடேட், 1985ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் மனமயக்கப் பொருள் பட்டியலில் இருக்கிறது. கோடை லீவுக்கு ஊருக்குப் போகிறோமே என்று தம்பி சூளூர்பேட்டை மருந்துக் கடையில் விசாரித்தான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தாராம் :-)

இப்போது டாக்டர் அளவைக் குறைத்திருக்கிறார். காலை வயிறு நிறைய இட்லி, அப்புறம்தான் மாத்திரை. ராத்திரி 8 மணிக்கு மேல் பசி வருகிறது, அப்போது இன்னொரு சாப்பாடு. சமையலறைக் கதவில் மாதாமாதம் பென்சிலால் உயரம் குறிக்கிறோம். நாலு கோடு ஆகியிருக்கிறது. நாலாவது, மூன்றாவதைவிடக் கொஞ்சம் மேலே.