உலாவி வந்த வழி



அண்மையில் ஒரு மாலைப் பொழுதில், யுனிக்ஸ் வழிவந்த இயக்க முறைமை கொண்ட பழைய கணிப்பொறியொன்றில், லிங்ஸ் என்னும் உலாவியை நானே நிறுவ முற்பட்டேன். எழுத்துகளை மட்டும் காட்டும் எளிய உலாவி அது. 1992ஆம் ஆண்டில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. ஆயத்தமாகக் கிடைப்பதை நாடாமல், மூலநிரலைப் பெற்றுப் பிரித்து, முதற் கட்டளையை இட்டேன். சில நொடிகளில் பணி நின்றது. திரையில் எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் 'கர்சஸ்' என்னும் துணைநிரல் தொகுப்பு அப்பொறியில் இல்லையாம்! அதனைத் தேடி நிறுவி, மீண்டும் தொடங்கினேன். முடிவதற்குள் இரவு வெகுநேரம் ஆயிற்று. முதன்முதல் இவ்வழி நடந்தோர் எத்துணை இடர்ப்பட்டிருப்பர் என்று அப்போது எண்ணினேன். அவ்வெண்ணமே இன்றைய பேச்சுக்குக் காரணம்.

யுனிக்ஸ் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரின் முயற்சியால் உருவாகத் தொடங்கியது. 1973இல் அது 'சி' மொழியில் திருத்தி எழுதப்பெற்றது. அதனால் பலவகைப் பொறிகளிலும் குடிபுக அதற்கு இயன்றது. எனினும், சன், ஐ.பி.எம்., டிஜிட்டல் முதலிய நிறுவனங்கள் அதனைத் தத்தம் பொறிக்கேற்ப மாற்றிக்கொண்டன. ஒரு பொறிக்கென ஆக்கிய நிரல் மற்றொன்றில் இயங்காது. ஆகவே, மூலநிரலைப் பெற்று அவரவர் பொறியிலேயே ஆக்கிக்கொள்வது வழக்கமாயிற்று.

1990இல் ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் உலாவியைப் படைத்தார். ஆனால் அது நெக்ஸ்ட் என்னும் பொறியில் மட்டுமே இயங்கியது. அப்பொறியோ மிகச் சிலரிடமே இருந்தது. வலை பிறந்துவிட்டது, அதனைக் காணக் கண் பெற்றோர் சிலரே! இக்குறையைப் போக்க, நிக்கோலா பெல்லோ என்னும் மாணவி, பலவகைப் பொறிகளிலும் இயங்கவல்ல எளிய உலாவி ஒன்றை எழுதினார். 1991இல் அது வெளிவந்தது.

1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மீக்கணிப்பு மையத்தில் மார்க் ஆண்டிரீசனும் எரிக் பினாவும் யுனிக்ஸ் பொறிகளுக்கென மொசைக் உலாவியை வெளியிட்டனர். எழுத்தோடு படமும் ஒரே பக்கத்தில் தோன்றியது. அதனைத் தாமே நிறுவ விரும்பினோர் என்ன செய்தனர்? சுருக்கப்பட்ட கோப்பைத் தொலைவிலுள்ள கணிப்பொறியிலிருந்து வருவித்தனர், விரித்தனர், பிரித்தனர். 'மேக்ஃபைல்' என்னும் குறிப்புக் கோப்பில் தம் பொறிக்கேற்ற வரிகளைத் திருத்தி, 'மேக்' என ஆணையிட்டனர். இத்தனைக்கும் பின்னர் ஒரு தடை! சாளரங்களையும் பொத்தான்களையும் வரைய 'மோட்டிஃப்' என்னும் துணைநிரல் தொகுப்பு வேண்டும். அது விலை கொடுத்துப் பெறவேண்டிய பொருள். மூலநிரல் கையில் இருந்தும், மோட்டிஃப் இல்லாதார் அதனை ஆக்க இயலவில்லை.

இத்தடையை மையத்தினரே நீக்கினர். பலவகை யுனிக்ஸ் பொறிகளுக்கு இயங்குநிலையிலேயே நிரலை ஆக்கி வழங்கினர். பெற்றவர் அதனை விரித்து, இயக்கும் உரிமை அளித்து, உரிய கோப்பகத்தில் வைத்தாற் போதும். அதே ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், செர்ன் நிறுவனம் தன் வலை மென்பொருளை யாவர்க்கும் பொதுவாக்கியது. விண்டோஸ், மெக்கின்டாஷ் பொறிகளுக்கான மொசைக்கும் அவ்வாண்டிலேயே வந்தது. வலை விரைந்து பரவியது.

இவ்வரலாற்றில் நான் காண்பது இதுவே: வலையைக் கண்டறிந்தது ஒரு பணி, அதனை எளியோர் பொறிக்குக் கொண்டுசேர்த்தது மற்றொரு பணி. பின்னதைச் செய்தோரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். இன்று ஒரு விசையைத் தட்டினால் உலாவி வந்து அமர்கிறது. நன்றே! ஆயினும், ஒருமுறையேனும் மூலநிரலிலிருந்து ஓர் உலாவியை உங்கள் கையால் நிறுவிப் பாருங்கள். பணி இடையில் நின்றால் சோர்வடையாதீர்கள். திரையில் தோன்றும் வரியைப் பொறுமையோடு படியுங்கள். பொறிக்குள் எது எதனைச் சார்ந்து நிற்கிறது என்பதை அன்றிரவு எனக்குக் கற்பித்தது அத்தகைய ஒரு வரியே.