பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: ஈ.டி. கேசட்டின் கதை

போன கோடை விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான். பத்தாவது முடித்தவன். தோசைத் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மாமா, உலகத்துலயே மோசமான வீடியோ கேம் எது, சொல்லுங்க பாப்போம்" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவனே சொன்னான். "ஈ.டி.! 1982-ல வந்தது. ஒரே ஆளு அஞ்சு வாரத்துல பண்ணினான். அந்த ஒரு கேமால அடாரி கம்பெனியே திவாலாச்சு. விக்காத கேசட்டையெல்லாம் பாலைவனத்துல குழி தோண்டிப் புதைச்சுட்டாங்க."

இந்தக் கதையை நானும் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேம் பிரியர்கள் நாலு பேர் கூடினால் இது வந்துவிடும். எது சிறந்த விளையாட்டு என்று கேட்டால் அடிதடி நடக்கும். எது மோசமானது என்று கேட்டால் எல்லாரும் ஒற்றுமையாகிவிடுவார்கள். எனக்கு அந்த ஒற்றுமை மேலேயே சந்தேகம். அவன் ஊருக்குப் போன பிறகு ரெண்டு வாரம் இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையில் வரும் குழி உண்மை. அஞ்சு வாரமும் உண்மை. ஆனால் "அந்த ஒரு கேமால" என்பது பொய். அந்தப் பொய் யாருக்கு வசதியாக இருந்தது என்பதுதான் எனக்கு சுவாரசியமாகப் பட்டது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அடாரி 1977-ல் ஒரு வீட்டு வீடியோ கேம் பெட்டியை விற்க ஆரம்பித்தது. பிற்பாடு 2600 என்று பெயர் வாங்கியது அதுதான். பெட்டி ஒன்று, கேசட்டை மாற்றி மாற்றிச் செருகினால் விளையாட்டு மாறும். (கார்ட்ரிட்ஜ் என்பதுதான் சரியான பெயர். நம் பக்கம் எல்லாருக்கும் அது கேசட்தான், அப்படியே எழுதுகிறேன்.) கம்பெனியின் உரிமையாளர் வார்னர் கம்யூனிகேஷன்ஸ். தலைவராக வந்த ரே காஸர் துணி வியாபாரத்திலிருந்து வந்தவர். பர்லிங்டன் என்ற பெரிய ஜவுளி நிறுவனத்தில் பல வருடம் இருந்தவர்.

அப்போது ஒரு விளையாட்டை எழுதுவது பெரும்பாலும் ஒரே ஆள் வேலை. யோசனை, படம், சத்தம், நிரல் எல்லாம் அவரே. ஆனால் பெட்டியில் அவர் பெயர் வராது. திரையிலும் வராது. அடாரி என்ற பெயர் மட்டும்தான்.

1979-ல் மார்க்கெட்டிங் ஆட்கள் எந்த கேசட் எவ்வளவு விற்றது என்று ஒரு பட்டியலைச் சுற்றுக்கு விட்டார்கள். நன்றாக விற்பதைப் போல இன்னும் எழுதுங்கள் என்பது அதன் நோக்கம். டேவிட் கிரேன் உட்பட நாலு நிரலாளர்கள் அதை வேறு மாதிரி படித்தார்கள். கேசட் விற்பனையில் பாதிக்கு மேல் தங்கள் நாலு பேர் எழுதியது என்று தெரிந்தது. சம்பளமோ ஆண்டுக்கு முப்பதாயிரம் டாலருக்குள். காஸரிடம் போய், புத்தகம் எழுதுகிறவனுக்கும் பாட்டுப் பாடுகிறவனுக்கும் கிடைப்பது போலப் பெயரும் பங்கும் கேட்டார்கள். அசெம்பிளி லைனில் கேசட்டை மாட்டுகிறவரைவிட நீங்கள் ஒன்றும் முக்கியமில்லை என்ற பாணியில் பதில் வந்ததாக கிரேன் பின்னாளில் பல முறை சொல்லியிருக்கிறார். நாலு பேரும் வெளியேறி ஆக்டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். எழுதியவர் பெயரோடு கேசட் விற்றார்கள்.

அதே காலத்தில் வாரன் ராபினெட் என்ற இன்னொருவர் சத்தம் போடாமல் வேறு வழி கண்டுபிடித்தார். 'அட்வென்ச்சர்' என்ற அவருடைய விளையாட்டில் ஒரு ரகசிய அறை வைத்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் புள்ளியை எடுத்துப்போனால் அந்த அறை திறக்கும். உள்ளே போனால் இதைச் செய்தவர் வாரன் ராபினெட் என்று மின்னும். கம்பெனிக்குத் தெரியாது. அவர் வேலையை விட்ட பிறகுதான் ஒரு பள்ளிக்கூடப் பையன் கண்டுபிடித்துக் கடிதம் போட்டான். இன்றைக்கு 'ஈஸ்டர் எக்' என்று எல்லாரும் ரசிக்கிற வழக்கம் பிரபலமானது இப்படித்தான். விளையாட்டாகத் தெரிகிறது. ஆனால் அடிப்படையில் அது ஒரு தொழிலாளியின் கையெழுத்து.

இப்போது ஈ.டி.க்கு வருவோம்.

ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா 1981-ல் அடாரியில் சேர்ந்தார். முதல் கேசட் 'யார்ஸ் ரிவெஞ்ச்'. 2600-க்கு வந்த விளையாட்டுகளில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று என்று இன்றும் சொல்கிறார்கள். அதில் ஒரு குறும்பும் உண்டு: 'யார்' என்பது தலைவர் ரேயின் ஆங்கிலப் பெயரைத் திருப்பிப் போட்டது. வார்ஷாவும் தன் முதலெழுத்துகளை உள்ளே ஒளித்து வைத்தவர்தான். அடுத்து ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' படத்தை விளையாட்டாக்கினார். ஸ்பீல்பெர்க்குக்குப் பிடித்துப்போனது.

1982 கோடையில் ஈ.டி. படம் சக்கைப்போடு போட்டது. உரிமத்துக்கான பேரம் வார்னர் தலைவர் ஸ்டீவ் ராஸ் மட்டத்தில் நடந்தது. 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். இது முட்டாள்தனமான யோசனை என்று தான் சொன்னதாக காஸரே பிற்பாடு கூறியிருக்கிறார். பேரம் முடிவதற்குள் ஜூலை கடைசி வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குக் கடையில் கேசட் இருக்க வேண்டுமானால் செப்டம்பர் 1-ஆம் தேதி நிரல் கையில் வேண்டும். ஜூலை 27-ஆம் தேதி காஸர் வார்ஷாவை அழைத்து முடியுமா என்று கேட்டார். வழக்கமாக ஆறேழு மாதம் எடுக்கும் வேலை, அஞ்சே வாரத்தில்.

வார்ஷா முடியும் என்றார். இதை மறைக்கக் கூடாது. அவரைக் கட்டிப்போட்டு யாரும் எழுதச் சொல்லவில்லை. 2 லட்சம் டாலரும் ஹவாய் பயணமும் பேசிக்கொண்டுதான் இறங்கினார். இளவயசு, தன்னால் எதுவும் முடியும் என்ற மிதப்பு. அவரே இதை ஒத்துக்கொள்கிறார். வீட்டில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு இரவும் பகலும் எழுதி, சொன்ன தேதியில் முடித்துக் கொடுத்தார். வழக்கமாக வெளியாட்களை வைத்து நடக்கும் சோதனைக்கு நேரமில்லை என்று அதைத் தவிர்த்துவிட்டார்கள்.

விளையாட்டு எப்படி இருந்தது? நான் எமுலேட்டரில் போட்டு விளையாடிப் பார்த்தேன். முதல் பத்து நிமிடம் கிணற்றில் விழுவதும் ஏறுவதும்தான். கழுத்தை நீட்டிக்கொண்டே மேலே மிதந்து வருவோம், விளிம்பில் கால் வைத்த நொடியில் மறுபடி தொபுக்கடீர். எரிச்சல் நியாயமானது. ஆனால் கையேட்டைப் படித்துவிட்டு உட்கார்ந்தபோது கதை மாறியது. உடைந்து சிதறிய தொலைபேசியின் மூன்று துண்டுகளைத் தேட வேண்டும், துரத்துகிற ஆட்களிடமிருந்து தப்ப வேண்டும், சரியான இடம் பார்த்துக் கப்பலைக் கூப்பிட வேண்டும். சுட்டுத்தள்ளுவது மட்டுமே விளையாட்டாக இருந்த காலத்தில் இது வேறொரு முயற்சி. நல்ல விளையாட்டு என்று நான் சொல்லவில்லை. அவசரத்தில் வெந்தும் வேகாத சோறு. உலகத்திலேயே மோசமானது என்பது மட்டும் நிச்சயமாகப் பொய். அந்த வருடங்களில் வந்த குப்பைகளில் பாதியை யாரும் பெயர் சொல்லித் திட்டுவதுகூட இல்லை.

அடாரியை இது கவிழ்த்ததா? தேதிகளைப் பாருங்கள். ஈ.டி. கடைக்கு வந்தது 1982 கிறிஸ்துமஸ் விற்பனைக்கு. அதே டிசம்பர் 7-ஆம் தேதி வார்னர் ஓர் அறிவிப்பு விட்டது: லாபம் 50 சதவீதம் கூடும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த இடத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் கூடும். மறுநாளே பங்கு விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அறிவிப்புக்கு 23 நிமிடத்துக்கு முன்பு காஸர் தன் பங்குகளில் 5,000-ஐ விற்றிருந்தார். பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் வழக்குப் போட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே லாபத்தைத் திருப்பிக் கொடுத்து அதை முடித்துக்கொண்டார். 1983 ஜூலையில் பதவி விலகினார்.

அதாவது, ஈ.டி. மோசம் என்று பிள்ளைகள் வீட்டில் கண்டுபிடிப்பதற்கு முன்பே வீடு பற்றிக்கொண்டுவிட்டது. தீ எங்கிருந்து வந்தது? 1981 அக்டோபரில் அடாரி தன் விநியோகஸ்தர்களிடம் 1982 முழு வருடத்துக்கான ஆர்டரையும் மொத்தமாகக் கேட்டது. சரக்கு கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் அவர்கள் தேவைக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். அடாரி அதை உண்மையான தேவை என்று நம்பியது. வருடக் கடைசியில் ஆர்டர்கள் வரிசையாக ரத்தாயின. 'பேக்-மேன்' கேசட்டை ஏறக்குறைய 1.2 கோடி அடித்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அப்போது புழக்கத்தில் இருந்த பெட்டிகளே ஒரு கோடி அளவில்தான் என்பார்கள். பெட்டியைவிட கேசட் அதிகம்! இதற்கிடையில், ஆக்டிவிஷனோடு நடந்த வழக்கு 1982-ல் சமரசமானதும், யார் வேண்டுமானாலும் 2600-க்கு விளையாட்டு போடலாம் என்றாகிவிட்டது. ஓட்ஸ் விற்கிற குவேக்கர் கம்பெனிகூட கேசட் போட்டது. கடை அலமாரி நிரம்பி வழிந்தது. இன்னொரு பக்கம் கமடோர் வீட்டுக் கணினி விலையை வெட்டிக்கொண்டே வந்தது.

ஈ.டி.யையும் இதே கணக்கில்தான் அடித்தார்கள். ஏறக்குறைய 40 லட்சம். 15 லட்சத்துக்கு மேல் விற்றது. எந்த அளவுகோலிலும் அது கெட்ட விற்பனை இல்லை. 40 லட்சம் அடிக்கச் சொன்னது வார்ஷா இல்லையே! 1983-ல் அடாரியின் நட்டம் 53 கோடி டாலருக்கு மேல். ஈ.டி.யால் போனது 10 கோடி என்று தாராளமாக வைத்தாலும் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கம்பெனி திவாலாகவும் இல்லை. 1984 ஜூலையில் வார்னர் அதை இரண்டாகப் பிரித்து, வீட்டு விளையாட்டு, கணினிப் பிரிவை கமடோரிலிருந்து விலகிய ஜாக் டிராமியலுக்கு விற்றது.

"வீடியோ கேமே செத்துப்போச்சு" என்பதும் அமெரிக்கர்கள் தங்கள் வீட்டு வாசலை உலகம் என்று எண்ணிச் சொன்னது. அங்கே தொழில் படுத்த அதே 1983 ஜூலையில் ஜப்பானில் நிண்டெண்டோ தன் ஃபேமிகாமை வெளியிட்டது. பிரிட்டனில் பிள்ளைகள் ஸ்பெக்ட்ரம் கணினியில் டேப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். தொண்ணூறுகளில் நாங்கள் டிவி கேம் என்று விளையாடியதும் அந்த ஃபேமிகாமின் நகல்தான். அடாரி என்று ஒன்று இருந்ததே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

குழிக்கு வருவோம். 1983 செப்டம்பரில் டெக்ஸாஸ் மாநிலம் எல் பாசோவில் இருந்த அடாரி கிடங்கிலிருந்து லாரி லாரியாகச் சரக்கு நியூ மெக்சிகோவின் அலமொகொர்டோ குப்பைமேட்டுக்குப் போனது. நியூயார்க் டைம்ஸில் அப்போதே செய்தி வந்தது. ஆனாலும் வருடம் போகப் போக அது வதந்தியா உண்மையா என்று சண்டை போடும் அளவுக்குப் புராணமாகிவிட்டது. வார்ஷாவே நம்பவில்லை. 2014 ஏப்ரல் 26-ஆம் தேதி ஓர் ஆவணப்படத்துக்காகத் தோண்டினார்கள். தொல்லியலாளர்கள் வந்தார்கள். புழுதிக்காற்றில் ரசிகர்கள் திருவிழா மாதிரி கூடி நின்றார்கள்.

கிடைத்தது என்ன? வெளியே எடுத்தது சுமார் 1,300 கேசட். அதில் ஈ.டி. பத்தில் ஒரு பங்கு அளவுதான். மீதியெல்லாம் வேறு விளையாட்டுகள். சென்டிபீட், மிசைல் கமாண்ட் மாதிரி எல்லாரும் விரும்பி விளையாடியவையும் அதே மண்ணில் கிடந்தன. புதைத்தது ஒரு தோல்வியை இல்லை, ஒரு கிடங்கை. குழியைத் தோண்டிய பிறகாவது கதை மாறியிருக்க வேண்டும். மறுநாள் தலைப்புகளில் ஈ.டி. மட்டும்தான் இருந்தது.

நல்ல விளையாட்டு எழுதியபோது இவர்கள் பெயர் பெட்டியில் வரக் கூடாது என்றார்கள். புள்ளிக்குள் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. தொழில் சரிந்ததும், பெயர் தெரியாத அந்தக் கூட்டத்திலிருந்து ஒரே ஒருவருடைய பெயர் மட்டும் வெளியே வந்தது. மொத்த ஆர்டர் கேட்டவர், பெட்டியைவிட அதிகமாக கேசட் அடிக்கச் சொன்னவர், பேரத்தை இழுத்து அஞ்சு வாரத்தை மட்டும் மிச்சம் வைத்தவர் யார் யார் என்று கேம் பிரியர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இதில் நமக்கும் பங்கு உண்டு. ஆர்டர் புத்தகத்தைப் பற்றிக் கதை சொன்னால் சாப்பாட்டு நேரத்தில் யார் கேட்பார்கள்? ஒரு ஆள், ஒரு கிணறு, ஒரு குழி என்றால் உடனே கேட்பார்கள்.

வார்ஷா பிற்பாடு படித்து மனநல சிகிச்சையாளர் ஆனார். சிலிக்கான் பள்ளத்தாக்கில் கணினித் துறை ஆட்களுக்கே ஆலோசனை சொல்கிறார். குழி தோண்டிய அன்று அவரும் அங்கே நின்றிருந்தார். முப்பது வருடம் கழித்தும் தான் செய்தது ஜனங்களுக்கு இவ்வளவு முக்கியமாக இருக்கிறதே என்று நெகிழ்ந்துபோனதாகச் சொல்கிறார்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் போனில் சொன்னேன். பாதியில் வெட்டுவான் என்று நினைத்தேன், கேட்டான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரி மாமா, பேக்-மேன் கேசட்டு எழுதினது யாரு?" என்றான். டாட் ஃப்ரை என்றேன். "கேள்விப்பட்டதே இல்லையே" என்றான். நானும் இந்த ரெண்டு வாரத்துக்கு முன்பு கேள்விப்பட்டதில்லைடா என்றேன்.