உள்ளி விளையாத செம்மண்

தமிழகத்தார் பூண்டு என்பதை யாழ்ப்பாணத்தவர் உள்ளி என்பர். தெலுங்கிலும் மலையாளத்திலும் உள்ளி என்றால் வெங்காயம். எங்களிடம் அது பூண்டுக்கே உரிய பெயராகி நிலைத்துவிட்டது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாய்க்கு ஆக்கும் பத்தியக் கறியும், தடிமனுக்குக் குடிக்கும் இரசமும் உள்ளியின்றி அமைவதில்லை.

இத்தனை உரிமையோடு நாம் பேசும் உள்ளியை எம்மண் பெருமளவில் விளைவித்ததில்லை. புத்தூர், நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கத்துச் செம்பாட்டு மண்ணில் புகையிலை விளைந்தது; மிளகாய் விளைந்தது; வெங்காயம் விளைந்தது. உள்ளி மட்டும் கடையிலிருந்தே வீட்டுக்கு வந்தது. இது ஏன் என்று ஆராய்ந்தால், புத்தூர்த் தோட்டக்காரரின் அரை நூற்றாண்டு வரலாறும் கூடவே விரிகிறது.

பூண்டில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. நடுவே பூந்தண்டு தடித்து எழும் வகை குளிர்நாடுகளுக்கு உரியது. பூந்தண்டு பெரும்பாலும் எழாத மென்தண்டு வகை வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஆயினும் அதற்கும் சில வாரக் குளிர் வேண்டும். ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக் குளிரை அனுபவித்த பயிரே, பின்னர் பகல் நீளும்போது அடி பருத்துப் பற்களாகப் பிரியும். குளிர் கிட்டாவிடில் தாள் மட்டும் செழிக்கும். அடியில் பல் பிரியாத சிறு குமிழே மிஞ்சும். வட இந்தியச் சமவெளிக்குப் பனிக்காலம் துணை நிற்கிறது. கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும், இலங்கையில் நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளுக்கும் மலையின் உயரம் துணை நிற்கிறது. புத்தூரிலோ மார்கழி இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. பகற்பொழுதும் ஆண்டு முழுவதும் 12 மணி நேரத்தை ஒட்டியே நிற்கும்.

சின்ன வெங்காயத்துக்கு இந்தக் குளிர் வேண்டியதில்லை. மாரி மழை ஓய்ந்தபின் விதை வெங்காயத்தைப் பாத்தியில் ஊன்றினால் இரண்டு, இரண்டரை மாதத்தில் கிண்டி எடுக்கலாம். வேதாளன் போன்ற உள்ளூர் வகைகள் இவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தவை. ஆறில்லாத குடாநாட்டில் நீர், சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளில் தங்கும் மழைநீரே. புத்தூரை அடுத்த நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு இதற்குச் சான்று: மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். துலா மிதித்து இறைத்த காலம் போய் நீரிறைக்கும் இயந்திரம் பரவியதும் தோட்டங்களும் பரந்தன.

1970ஆம் ஆண்டு பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் உணவுப் பொருள் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வெங்காயமும் மிளகாயும் பொன் விலை போயின. தோட்ட வருமானத்தில் கல்வீடுகள் எழுந்தன. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்து தமிழ் மாணவரைப் புண்படுத்திய அதே ஆட்சியே, அம்மாணவரின் தந்தையர் கையில் முன்னொருபோதும் காணாத பணத்தையும் புழங்க வைத்தது. எமது வரலாற்றின் இந்த முரணை அரசியல் மட்டும் எழுதுவோர் எளிதில் கடந்துவிடுகின்றனர்.

1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தன பதவியேற்றுப் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். இறக்குமதிச் சரக்கு வந்து குவிய, விலை சரிந்தது. மண்ணும் நீரும் உழைப்பும் மாறவில்லை. கொழும்புத் துறைமுகத்தின் கதவு மட்டுமே மாறியது. அக்கதவு அடைபட்டிருந்த ஆண்டுகளிலுங்கூட உள்ளி புத்தூரின் பெரும்பயிராகவில்லை. வெங்காயத்துக்குத் துறைமுகம் தடையானது போல, உள்ளிக்கு வானமே தடையாயிருந்தது.

அடுத்து வந்தது போர். 1990க்குப் பின் பொருளாதாரத் தடையில் எரிபொருளும் உரமும் அரிதாயின. 1995 ஒக்டோபரில் தொடங்கிய இராணுவ நடவடிக்கை புத்தூர், நீர்வேலி வழியே நகர, அம்மாதம் 30ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்தது. மறு ஆண்டு திரும்பியோர் தரிசாய்க் கிடந்த நிலத்தை மீண்டும் கொத்தினர். 2021இல் கோட்டாபய ராஜபக்சவின் அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, சில மாதங்களில் பின்வாங்கியது. மறுபுறம், அளவுக்கு மிஞ்சி இட்ட உரம் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றாகக் கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இரண்டும் உண்மை, இரண்டுக்கும் இடையில்தான் தோட்டக்காரர் வாழ வேண்டியிருக்கிறது.

மென்தண்டுப் பூண்டின் பற்களை ஒன்றரை, இரண்டு மாதம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நட்டால் வெப்ப நாட்டிலும் ஓரளவு விளைவிக்கலாம் என்கின்றனர். வீட்டுத் தோட்டத்தில் இதைச் செய்து பார்ப்பது நன்று. சிறு பூடாவது கிட்டும். ஆனால் பரப்புக் கணக்கில் நட்டு அதை நம்பி வாழலாமென எவருக்கும் நான் சொல்ல மாட்டேன். உலகப் பூண்டு விளைச்சலில் ஏறத்தாழ முக்காற்பங்கு சீனாவினுடையது. குளிர்ப்பெட்டி வானத்தை ஏமாற்றக்கூடும், துறைமுகத்தை ஏமாற்றாது.

செய்தியாளனாக நான் திரும்பத் திரும்பக் கண்டது இதுவே: வெங்காயம் கிண்டும் வேளையில் இறக்குமதிச் சரக்கும் வந்திறங்கும். ஆதலால் தோட்டக்காரர் கேட்க வேண்டியது புதுப் பயிரன்று. அறுவடைக் காலத்தில் இறக்குமதி வரி எவ்வளவு என்பதை, விதை ஊன்றுமுன்னரே அரசு அறிவிக்க வேண்டும். ஊன்றுவதா, விடுவதா என்பதை அவர்களே தீர்மானிப்பார்கள்.