ஒட்டாத சீமெந்து

‘எலும்புச் சீமெந்து’ எண்டு கேட்டவுடன எங்களுக்கு ஞாபகம் வந்தது பசைதான். வாசிக்க வாசிக்கத்தான் விளங்கியது, அது பசையே இல்லை. எலும்பின் சிறு துளைகளுக்குள் குழைத்த மாப்போல புகுந்து, சில நிமிடங்களில் இறுகி, செயற்கை மூட்டுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள வெளியை நிரப்புகிறது. பாரம் ஒரே இடத்தில் குத்தாமல் பரவும். அவ்வளவுதான் அதன் வேலை.

பேர்ஸ்பெக்ஸும் இதுவும் ஒரே வகை அக்ரிலிக். பல்வைத்தியர்கள் ஏற்கெனவே பாவித்த பொருள். மன்செஸ்டரில் பல்வைத்தியப் பொருட்களை ஆராய்ந்த டெனிஸ் ஸ்மித்தின் ஆலோசனையோடு, 1958இல் ஜோன் சார்ன்லி அதை இடுப்பு மூட்டுக்குக் கொண்டுவந்தார். தொடையெலும்புக்குள் உலோகத் தண்டைச் சீமெந்து இறுக்கிப் பிடித்தது. பிழைத்தது மற்றப் பக்கம். வழுக்கும் எண்டு நம்பி, கிண்ணத்தை ரெஃப்லோனில் செய்தார். ஏறக்குறைய 300 பேருக்குப் பொருத்தியாயிற்று. சில வருடங்களிலேயே ரெஃப்லோன் தேய்ந்தது. உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த தசையைக் கெடுத்தன. வலி தீருமெண்டு வந்த சனம் திரும்பவும் மேசையில் படுக்க வேண்டியதாயிற்று. அந்த மீள்சத்திரசிகிச்சைகளைச் சார்ன்லி தானே செய்தார். பிறகு ரெஃப்லோனையும் பொலிஎதிலீனையும் தன் தொடைக்குள்ளேயே வைத்துச் சோதித்தார். (இதை வாசித்தபோது எங்களில் ஒருவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டார்.)

அந்தப் பொலிஎதிலீன் வந்த கதையும் சுவாரசியமானது. நெசவு இயந்திரங்களின் பற்சக்கரங்களுக்குப் பாவித்த பிளாஸ்ரிக் அது. 1962இல் ஒரு விற்பனையாளர் கொண்டுவந்து காட்ட, சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வேண்டாமெண்டார். அவரது பட்டறையில் வேலைசெய்த ஹரி கிரேவன், பொஸ் ஊரில் இல்லாத நேரம் அதை இயந்திரத்தில் போட்டு ஓடவிட்டார். தேய்மானம் மிகக் குறைவு. அதே வருடம் நவம்பரில் முதல் பொலிஎதிலீன் கிண்ணம் பொருத்தப்பட்டது.

சார்ன்லி 1982இல் காலமானார். ஐந்து வருடம் கழித்து ‘சீமெந்து நோய்’ எண்டொரு சொல் வந்தது. பழைய மூட்டுகளைச் சுற்றி எலும்பு கரைந்ததற்குச் சீமெந்தே குற்றவாளி எண்டார்கள். எலும்பு தானாக வளர்ந்து பற்றிக்கொள்ளும் சீமெந்தில்லாத மூட்டுகள் பரவின. ஆனா அவற்றைச் சுற்றியும் எலும்பு கரைந்தது. தேடிப் பார்த்தால், பெரும்பாலும் காரணம் கிண்ணத்திலிருந்து உதிர்ந்த நுண்துகள்கள். கிரேவன் ஓடவிட்டுப் பார்த்த அதே பொலிஎதிலீன்.