தொழில் வளர்த்த அறிவு: அல்லாமா இப்னு கல்தூன் (ரஹ்)

புதிதாக ஒருவரைச் சந்திக்கும்போது முதலில் பெயரைக் கேட்கிறோம், அடுத்து ஊரைக் கேட்கிறோம், பிறகு, "என்ன தொழில்?" என்று வினவுகிறோம். அந்த விடை கிடைத்ததும் அவரைப் பற்றி மனத்திற்குள் ஒரு தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். வணிகர் என்றால் பேச்சில் சாமர்த்தியம் உள்ளவர். அதிகாரி என்றால் சற்றே இறுக்கமானவர். ஆலிம் என்றால் உலக நடப்பு அறியாதவர். இத்தீர்ப்பு எந்த அளவுக்குச் சரி? மனிதன் செய்யும் வேலை அவனுடைய குணத்தையே மாற்றவல்லதா?

இவ்வினாவை ஏறத்தாழ 650 ஆண்டுகளுக்கு முன்னரே எடுத்து ஆராய்ந்தவர் அல்லாமா இப்னு கல்தூன் (ரஹ்) ஆவார். 1377 ஆம் ஆண்டில் அவர் எழுதிய 'முகத்திமா' என்னும் நூலை வரலாற்றுத் தத்துவத்தின் தொடக்கம் என்று உலகம் போற்றுகிறது. ஆயினும், அந்நூலை எழுதியவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சம்பளத்திற்கு வேலை பார்த்தவர் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. கிதாபுகள் அவருக்குத் தந்த கல்வி ஒரு பாதி; மறு பாதியை அரசவைகளும் சிறைக்கூடமும் மலைநாட்டுக் கபீலாக்களும் தந்தன.

தடித்த பேனா

ஹிஜ்ரி 732, ரமளான் முதல் நாளில் (27.5.1332) துனிஸ் நகரில் அவர் பிறந்தார். முன்னோர் ஹளரமௌத்திலிருந்து சென்று ஸ்பெயின் நாட்டு இஷ்பீலியாவில் (செவில்) வாழ்ந்தவர்கள். 1248 இல் அந்நகர் கிறித்தவ மன்னரின் கைக்குப் போவதற்கு முன்பே அக்குடும்பம் வட ஆப்பிரிக்காவுக்குப் பெயர்ந்துவிட்டது. அவர் பதினேழு வயதை எட்டியபோது பெருங்கொள்ளைநோய் துனிஸைத் தாக்கிற்று. பெற்றோர் இருவரும் மறைந்தனர். ஓதிக்கொடுத்த உஸ்தாதுகளிலும் பலர் மறைந்தனர்.

இருபது வயதளவில் துனிஸ் அரசவையில் முதல் வேலை கிடைத்தது. அரச ஆணைகளில் பிஸ்மிக்கும் ஆணையின் வாசகத்திற்கும் இடையே, அல்லாஹ்வுக்குப் புகழும் நன்றியும் கூறும் சொற்றொடரைத் தடித்த பேனாவால் எழுதுவதே அந்த வேலை. ஆணையில் என்ன எழுதுவது என்பதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. உயர் பதவிகள் வகித்த குடும்பத்தில் பிறந்த இளைஞருக்கு அது எப்படி இருந்திருக்கும்! உஸ்தாதுகள் சென்றுவிட்ட மேற்குத் திசையையே அவர் மனம் நாடிற்று. பின்னர் ஃபாஸ் நகரில் சுல்தான் அபூ இனானிடம் எழுத்தராக அமர்ந்தபோதும், தம் முன்னோரில் யாரும் இத்தகைய வேலை பார்த்ததில்லை என்பதால் விருப்பமின்றியே ஏற்றதாகத் தம் வாழ்க்கைக் குறிப்பில் பதிந்துள்ளார்.

விருப்பமில்லாத வேலையில் இருப்பவன் அடுத்த படியைத் தேடுவான். அவரும் தேடினார். ஃபாஸ் நகரில் தடுத்து வைக்கப்பட்டிருந்த பிஜாயா நாட்டு இளவரசருடன் சேர்ந்து சூழ்ச்சி செய்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1357 முதல் ஏறத்தாழ 21 மாதங்கள் அவர் சிறையில் இருந்தார். சுல்தான் இறந்த பிறகே கதவு திறந்தது. அதன் பின்னரும் ஒரு சுல்தானை விட்டு மற்றொரு சுல்தானிடம் அவர் பலமுறை மாறினார். இதற்காக அவரைக் குறை கூறியோர் உண்டு. அக்குறையை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை, மேதைகளும் மனிதர்களே.

பகலில் இரு பணிகள்

1362 இல் அவர் கிரனாடா சென்றார். 1364 இல் அந்நாட்டின் தூதராக இஷ்பீலியாவில் இருந்த காஸ்டில் மன்னர் பெட்ரோவிடம் போனார். தம்மிடமே தங்கிவிட்டால் முன்னோரின் சொத்துகளை மீட்டுத் தருவதாக மன்னர் கூறியும், அவர் மரியாதையுடன் மறுத்துத் திரும்பினார்.

மறு ஆண்டில், முன்பு அவருடன் குற்றஞ்சாட்டப்பட்ட அதே இளவரசர் பிஜாயாவின் ஆட்சியைப் பெற்று அவரைத் தம் ஹாஜிபாக, அதாவது தலைமை அமைச்சராக, ஆக்கினார். இக்காலத்தைப் பற்றி அவர் தரும் ஒரு செய்தி நம் கவனத்திற்கு உரியது. காலையில் அரச அலுவல்களை முடித்துவிட்டு, பிறகு கோட்டைப் பள்ளிவாசலில் அமர்ந்து பாடம் நடத்துவாராம். வரி வசூலிக்க மலைகளில் வாழ்ந்த பர்பர் கபீலாக்களிடம் தாமே நேரில் சென்றதும் இக்காலத்தில்தான். கபீலாக்களை ஒன்றாகப் பிணைக்கும் 'அஸபிய்யா' என்னும் இனப்பற்றைப் பற்றி அவர் பிற்காலத்தில் எழுதியவற்றுக்கு அந்த மலைப்பயணங்கள் பெரிதும் துணை நின்றிருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

1366 இல் அந்த இளவரசர் போரில் கொல்லப்பட்டார். 1374 இல் அவருடைய நண்பரும் கிரனாடாவின் வஸீருமாக இருந்த பேரறிஞர் இப்னுல் கதீப் ஃபாஸ் நகரச் சிறையில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். பதவியின் முடிவு எப்படி இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்? 1375 இல் இப்னு கல்தூன் இன்றைய அல்ஜீரியாவில் உள்ள கல்அத் இப்னு ஸலாமா என்னும் கோட்டைக்குக் குடும்பத்துடன் ஒதுங்கினார். அங்குதான் 45 வயதில், ஐந்தே மாதங்களில், முகத்திமாவின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார்.

முகத்திமா சொல்வது

தொழில் என்பது செய்து செய்து உள்ளத்தில் பதிந்துவிடும் ஆற்றல் என்கிறார் அவர். இதற்கு 'மலகா' என்று பெயர். மலகா சொல்லால் வருவதில்லை. தேர்ந்த ஆசான் ஒருவரின் அருகில் இருந்து பழகினால்தான் வரும். ஆசான் எத்தகையவரோ, மாணவனின் தேர்ச்சியும் அத்தகையதே. ஒரு தொழில் ஆழப் பதிந்தவனுக்கு மற்றொன்றில் அதே தேர்ச்சி வருவது அரிது. தையலில் ஊறியவன் பிறகு தச்சில் சிறப்பது கடினம். ஆனால் முதல் தொழிலின் சாயம் ஊறுவதற்கு முன்பே இரண்டாவதைத் தொட்டவனுக்கு விலக்கு உண்டு.

வேலை குணத்தையும் தொடுகிறது. நாள்தோறும் பேரமும் வழக்குமாக வாழும் வணிகனுக்குத் தந்திரம் பழகிவிடுகிறது. அதிலிருந்து தப்பியவர்கள் சிலரே. நம் சமுதாயத்தில் வணிகக் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்கள் இதைக் கேட்டுச் சினம் கொள்ளாது, தப்பிய சிலருள் தாமும் ஒருவராக முயல வேண்டும். அறிஞர்களையும் அவர் விடவில்லை. பொதுக் கருத்துகளிலேயே மூழ்கியிருப்பதால் அரசியலுக்கு மிகவும் பொருந்தாதவர்கள் ஆலிம்களே என்கிறார்.

காழிகள், ஓதிக்கொடுப்போர், இமாம்கள், முஅத்தின்கள் பெரும்பாலும் செல்வர்களாவதில்லை என்றும் எழுதுகிறார். இதை ஏற்க மறுத்த ஒருவரிடம், கலீஃபா மாமூனின் அரண்மனைக் கணக்கேடுகளிலிருந்து தமக்குக் கிடைத்த கிழிந்த தாள்களைக் காட்டினாராம். காழிகளின், இமாம்களின் சம்பளத்தைக் கண்டதும் அவர் ஒப்புக்கொண்டார். பணிவும் முகத்துதியும் பலருக்குப் பதவி தருகின்றன. தம் கலையின் மேன்மையை எண்ணித் தலை வணங்க மறுப்பவர் பின்தங்குகிறார் என்பதும் அவர் கண்டதே. இருபது ஆண்டுகளுக்கு மேல் அரசவைகளில் நின்றவர் எழுதிய வரிகள் அல்லவா இவை!

எல்லாவற்றிலும் நம்மைத் தைத்தது ஒரு பகுதி. மாணவரையோ பணியாளரையோ கடுமையால் அடக்கி வளர்த்தால், அவர்களின் உள்ளம் சுருங்கி ஊக்கம் கெடும். அடிக்குப் பயந்து பொய் பேசுவார்கள். நாளடைவில் அப்பொய்யே குணமாகிவிடும் என்கிறார். ஓதும் காலத்திலேயே இதை வாசித்திருந்தோம். ஆயினும், மதரஸாவில் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய ஆண்டுகளில் பிரம்பை நம்பியே வகுப்பு நடத்தினோம். பாடம் வராத ஒரு சிறுவன் வாரந்தோறும் வயிற்றுவலி என்று சொல்வான். அவனைப் பொய்யன் என்றே பலர் முன்னிலையில் ஏசினோம். அப்பொய்யை அவனுக்குக் கற்பித்தவர் யார் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே விளங்கிற்று. கிதாபில் படித்தது விளங்கவும் நமக்கு வேலை அனுபவம் தேவைப்பட்டது.

காழியின் ஆசனம்

1382 இல் அவர் எகிப்து சென்றார். 1384 இல் சுல்தான் பர்கூக் அவரைக் கெய்ரோவின் மாலிகி காழியாக நியமித்தார். வயது 52. போலி ஆவணங்களும் பொய்ச் சாட்சிகளும் மலிந்திருந்த நீதிமன்றத்தில் அவர் பரிந்துரைகளைத் தள்ளினார். தவறு செய்தோரைத் தண்டித்தார். பகை பெருகிற்று. அவ்வேளையில் துனிஸிலிருந்து அவருடைய குடும்பத்தை ஏற்றிவந்த கப்பல் கடலில் மூழ்கியது. மறு ஆண்டில் பதவியும் போயிற்று. மீண்டும் அவர் பாடம் நடத்த அமர்ந்தார். பிற்காலத்தில் மேலும் ஐந்து முறை அதே பதவி வந்தது. ஒவ்வொரு முறை போனபோதும் கல்வி அவரிடம் இருந்தது. 1401 இல் தைமூரின் முற்றுகையிலிருந்த டமாஸ்கஸ் கோட்டைச் சுவரிலிருந்து கயிற்றின் வழி இறங்கி, அவ்வெற்றி வீரரைச் சந்தித்துப் பேசினார். அப்போது பழைய அரசவையாளரின் இனிய சொற்களை அவர் நன்றாகவே பயன்படுத்தியதை அவரது குறிப்பே காட்டுகிறது. காழி ஆசனத்தில் வளையாதவரும் தைமூரின் கூடாரத்தில் வளைந்தவரும் ஒருவரே. இரு பழக்கங்களும் அவருள் வாழ்ந்தன. 1406 ரமளானில், ஆறாம் முறையாகக் காழியாக இருக்கும்போது அவர் மறைந்தார்.

தையற்காரரைப் பற்றிய அவருடைய விதிக்கு அவரே விலக்கு. இளமையிலேயே அலுவலையும் கல்வியையும் சேர்த்துப் பிடித்து, அமைச்சராக இருந்த நாளிலும் பள்ளிவாசல் பாடத்தை விடாதிருந்ததால், ஒன்று கைவிட்டபோது மற்றொன்று தாங்கிற்று.

நம் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். கூடவே, அங்கே யாரிடம் தொழில் பழகுவான், அந்த மேலாளர் எத்தகையவர், பத்து ஆண்டுகளில் அவ்விடம் இவனை எவ்வாறு ஆக்கும் என்றும் கேட்போமாக. நம் கடையிலும் வீட்டிலும் வகுப்பிலும் நமக்குக் கீழ் வேலை பார்ப்போரின் குணத்திற்கு நாமும் பொறுப்பாளிகள் என்பதை மறவாதிருப்போமாக. அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்ல தொழிலையும், அத்தொழிலால் கெடாத உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.