எடன்வில் மண்கரை

அமெரிக்க தேசத்து அணைக்கட்டு அதிகாரிகளின் ஏடுகளில் 'உயர் அபாயம்' என்றொரு முத்திரை உண்டு. அதைக் கண்டதும் அணை ஆட்டங்கண்டுவிட்டதென்று மிரளுவோர் பலர். ஆனால் அணையின் ஆரோக்கியத்தைப் பற்றி அந்த முத்திரை ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. கரை உடைந்தால் கீழே உயிர்ச்சேதம் நேருமா, பொருட்சேதத்தோடு நிற்குமா, இரண்டுமின்றி அடங்கிப்போகுமா என்று பார்த்து மூன்று தரம் வகுத்திருக்கிறார்கள். நேற்றுக் கட்டி முடித்த பழுதற்ற அணையானாலும் காலடியில் ஓர் ஊர் இருக்குமாயின் அதற்கு முதல் தரமே. வியாதியஸ்தனையும் திடகாத்திரனையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கும் ஏற்பாடுதான் இது.

மிச்சிகன் மாநிலத்தில், டிட்டபவாஸி ஆறும் டொபாக்கோ ஆறும் கூடுகிற எடன்வில் என்ற சிற்றூரில், 1924-ஆம் ஆண்டு பிராங்க் விக்ஸம் என்பவர் மின்சாரம் எடுப்பதற்காக எழுப்பிய மண்கரை, சுமார் 54 அடி உயரமும் ஒரு மைலுக்கு மேல் நீளமும் கொண்டது. அவர் பெயரையே தாங்கிய ஏரியைச் சுற்றி நாளடைவில் வீடுகளும் படகுத்துறைகளும் பெருகின. மின்சாரமோ 5 மெகாவாட்டுக்கும் குறைவு. கீழே சான்போர்ட் அணை, அதற்கும் கீழே மிட்லண்ட் நகரம். ஆகவே எடன்வில்லுக்கும் முதல் தரம் வாய்த்தது.

உச்சமாக வரக்கூடிய வெள்ளம் என்று கணக்கிட்டதில் ஏறக்குறையப் பாதியைத்தான் இந்த அணையின் கலிங்குகள் கடத்தும் என்பது மத்திய எரிசக்தி ஆணையத்தின் நெடுநாளைய முறையீடு. விரிவுபடுத்தப் பணமில்லை என்று உடையவர்கள் ஆண்டுக்கணக்கில் தவணை சொல்லிவர, 2018 செப்டம்பரில் ஆணையம் உரிமத்தையே பறித்தது. பறித்ததும் அணை மாநில அரசின் பார்வைக்குப் போயிற்று. அங்கே சட்டம் கேட்டதோ அந்த உச்ச வெள்ளத்தில் பாதியை மட்டுமே. அணை அதே அணை, மாறியது கணக்கு.

2020 மே மாதத்தில் இரண்டு நாள் அடைமழைக்குப்பின் ஏரி என்றும் காணாத உயரத்துக்கு ஏறியது. 19-ஆம் தேதி மாலை ஐந்தரை மணி சுமாருக்கு ஒருவர் எடுத்த சலனப்படம் இருக்கிறது: கிழக்குக் கோடியில் புல் போர்த்த வெளிச்சரிவு மெல்லப் புடைக்கிறது; கண் இமைப்பதற்குள் முகடு உள்ளே அமிழ, சரிவு சேறாக நழுவிப் பரவுகிறது; அதன்மீதுதான் ஏரி பாய்கிறது. அன்றிரவே சான்போர்ட் அணையும் போயிற்று. சுமார் 10,000 பேர் வீடுகளை விட்டு வெளியேறினர். முதல் தர அணை உடைந்தும் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

நிபுணர் குழு 2022-இல் தந்த இறுதி அறிக்கை சொன்ன காரணம் வேறு. கட்டியபோது இறுக்கப்படாமல் தளர்வாக விடப்பட்ட மணல், நீர் ஊறிய நிலையில் பாரம் தாங்காமல் திடீரென வலுவிழந்து கூழாகிவிட்டதாம். கலிங்கு பெரிதாயிருந்தால் ஏரி அவ்வளவு ஏறியிராது என்பது மெய்தான். ஆனாலும் அன்று மாலை தண்ணீர் கரையின் முகட்டைத் தாண்டவில்லை. உச்சிக்கு இன்னும் ஓரடிக்கு மேல் மிச்சமிருந்தது.